மாலை போட்ட வீடு

வருஷத்தில் பத்து மாதம் லோடு வண்டி ஓட்டுகிற செல்வக்குமார், கார்த்திகை பிறந்தால் சாமி ஆகிவிடுவான். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமணி மாலை, விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல். பிராந்தி, கெட்ட வார்த்தை, கூட்டாளி மலையாண்டியோடு கண்மாய்க் கரையில் உட்கார்ந்து இழுக்கிற கஞ்சா, எல்லாம் ஒரே நாளில் போய்விடும். மலைக்குப் போய்விட்டு வந்த மறுநாளே அத்தனையும் ஒன்றுவிடாமல் திரும்பி வந்துவிடும் என்பது வேறு விஷயம். இடைப்பட்ட நாட்களில் விளாங்குடியில் தன் மகனைப் போல ஒரு பிள்ளை கிடையாது என்று அவன் அம்மா ஒச்சாயி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

இந்த வருஷம் அந்த மாலை அவன் மனைவி பாண்டிமீனாவின் கழுத்தைத்தான் இறுக்கியது.

அதற்கும் காரணம் அவன்தான். போன வருஷம் சித்திரையில் ஒருநாள், வீட்டுக்குத் தூரமான வயிற்றுவலியில் அவள் சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். பார்க்கப் பொறுக்காமல் அவன் தன் கையில் புகைந்துகொண்டிருந்ததை நீட்டினான். "ரெண்டு இழுப்பு இழு. வலி போன எடம் தெரியாது" என்றான். உண்மையிலேயே தெரியவில்லை. வயசுக்கு வந்த நாளிலிருந்து மாதாமாதம் அவளைப் பிழிந்துபோட்ட வலி, மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் மசியாத வலி, அன்றைக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. அவள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். அவனுக்கும் பெருமைதான், பெண்டாட்டிக்கு வைத்தியம் பார்த்துவிட்டோம் என்று.

பிறகு நடந்தது அவனுக்குத் தெரியாது. மாதத்தில் மூன்று நாள் என்று இருந்தது ஒரு வாரமாயிற்று. வாரம் தினமாயிற்று. செல்லூரில் நைட்டி தைக்கிற கம்பெனிக்குக் கிளம்புமுன் குளியலறையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை. வாடை தெரியாமல் இருக்கச் சாம்பிராணி போட்டாள். மருமகளுக்கு இவ்வளவு பக்தியா என்று ஒச்சாயி வியந்துபோனாள். மீசை அரும்பிய காலத்திலிருந்து இழுக்கிறவன் செல்வக்குமார். அவன் இன்னும் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டவில்லை. இழுத்தால் சிரிப்பான், புரோட்டாவை அடுக்கடுக்காகத் தின்பான், கட்டை மாதிரி தூங்குவான், அவ்வளவுதான். பாண்டிமீனாவோ ஒன்றரை வருஷத்தில் அவனை எங்கேயோ தாண்டிப் போய்விட்டாள். தொடக்கத்தில் கிடைத்த நிம்மதியும் போய்விட்டது. இழுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், பக்கத்து மிஷினில் தைக்கிறவள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று தோன்றும். அந்தப் பயம் போக மறுபடியும் இழுப்பாள். அவனுக்கு அது எப்போதாவது பார்க்கிற கூட்டாளி. இவளுக்கு வீட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிற விருந்தாளி.

எல்லாம் அவன் பொட்டலத்திலிருந்து எடுத்ததுதான். வண்டி சீட்டுக்கு அடியில் வைத்தது மளமளவென்று குறைவதைப் பார்த்துவிட்டு, மலையாண்டிதான் திருடுகிறான் என்று அவனோடு இரண்டு தடவை சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறான் செல்வக்குமார். தூக்கம் தொலைத்துச் சண்டை போட்டானே தவிர, வீட்டுக்குள் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. பெண்பிள்ளை எங்கேயாவது பொட்டலத்தைக் காலி செய்வாளா?

மாலை போடுகிற அன்று மிச்சமிருந்ததை வைகையில் வீசிவிட்டு வந்தான். போன கார்த்திகையில் அவளுக்கு அது மாதத்தில் சில நாள் சங்கதி, அதனால் விரதம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இந்தத் தடவை அடுத்த நாளே கை நடுங்கத் தொடங்கிவிட்டது. வியர்த்துக் கொட்டியது. கண்ணை மூடினால் தூக்கம் வராது, வந்தால் கெட்ட கனவு. கம்பெனியில் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். தாளிக்கிற வாசம் பட்டாலே குடல் புரண்டு வாய்க்கு வந்தது. சோறு இறங்கவில்லை. காரணமில்லாமல் அழுகை வந்தது, அதைவிடக் காரணமில்லாமல் கோபம் வந்தது.

அவனுக்கும் இல்லாமல் இல்லை. இரண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுந்தான். அப்புறம் தயிர்ச்சோற்றை வளைத்துக் கட்டிக்கொண்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். கூடத்தில் தனிப் பாய் போட்டுப் படுத்தான். விரதத்தில் பெண்டாட்டியைத் தொடக்கூடாது. உள்ளே அவள் போர்வைக்குள் உதறிக்கொண்டு கிடந்தபோது, ஒரு கை வந்து நெற்றியில் பட்டால் போதும் என்று இருந்தது. அந்தக் கை சாமியின் கையாகிவிட்டது.

ஒச்சாயி வேறு விதமாகக் கணக்குப் போட்டாள். மருமகள் வாந்தி எடுக்கிறாள், சாப்பாட்டைக் கண்டால் ஓடுகிறாள், நாளும் தள்ளிப் போயிருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஐயப்பன் கண் திறந்துவிட்டான். இதற்குமேல் என்ன வேண்டும்?

"ஆத்தா, நீ முழுகாம இருக்க. எனக்குத் தெரியாதா?" என்றாள். "யாருகிட்டயும் மூச்சு விடாத. சாமி மலைக்குப் போயிட்டு வரட்டும், அப்பறம் டாக்டரம்மாகிட்டப் போவோம். அதுவரைக்கும் ஊசி மாத்திரைன்னு எதையும் தொடாத."

பாண்டிமீனா மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற அட்டை வாங்கிச் சோதித்துப் பார்த்துவிட்டாள். ஒற்றைக் கோடுதான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது, ஒச்சாயி சாத்துக்குடியைப் பிழிந்து, விதையைக் கையாலேயே பொறுக்கிப்போட்டுவிட்டு டம்ளரை நீட்டினாள். ஆறு வருஷத்தில் அந்தக் கையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட அவள் வாங்கிக் குடித்ததில்லை. அதோடு, முழுகாமல் இருக்கிறவள் வாந்தி எடுத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவள் வாங்கிக் குடித்தாள். குடித்த சூட்டோடு அதையும் வாந்தி எடுத்தாள். ஒச்சாயி பூரித்துப் போனாள்.

தாங்க முடியாமல் ஒருநாள் கம்பெனி மாடிப்படியில் நின்று மலையாண்டிக்குப் போன் போட்டாள். சோறு தண்ணி இறங்க ஒரே ஒரு இழுப்பு கிடைத்தால் போதும், அதற்கப்புறம் விட்டுவிடலாம் என்று நிஜமாகவே நம்பினாள்.

"அண்ணே, அவுகளுக்கு ஒரு பொட்டலம் வேணுமாம். என்னைய வாங்கிட்டு வரச் சொன்னாக."

எதிர்முனையில் மலையாண்டி சிரித்தான். "யாருக்கு, மாலை போட்ட சாமிக்கா? ஏம்மா தங்கச்சி, நான் யாவாரம் பண்றேனான்னு சோதிச்சுப் பாக்கச் சொன்னானா ஒம் புருசன்? இன்னும் அந்தச் சந்தேகம் தீரலையா அவனுக்கு?"

அன்று சாயங்காலமே அவன் செல்வக்குமாரைக் கூப்பிட்டு, சாமி என்றும் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டான். செல்வக்குமார் பூஜையை முடித்துவிட்டு மொட்டை மாடிக்கு அவளைக் கூப்பிட்டான். துணி காயப்போட்ட கொடிக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் அவளும் நின்றார்கள்.

"மலையாண்டிகிட்ட என்னத்துக்குப் பொட்டலம் கேட்ட?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பிராணி, வண்டி சீட்டு, ஒற்றைக் கோடு, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல ஒரு பாரம் இறங்கியது. யாரிடமாவது சொன்னோமே என்று இருந்தது.

செல்வக்குமார் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தான். பிறகு, தான் சட்டையைப் பிடித்த மலையாண்டியின் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், சிரிப்பு நின்றுபோனது.

"நான் எத்தன வருசமா இழுக்குறேன்? மாலை போட்டேன், விட்டேன். எனக்கு என்ன ஆச்சு? ஒனக்கு மட்டும் எப்பிடி இம்புட்டு ஆகும்? மனசுதான் காரணம். மனச அடக்கு."

"என்னால முடியல சாமி. ஒங்களுக்கு வேற மாதிரி இருக்கு, எனக்கு வேற மாதிரி இருக்கு. குருவிக்காரன் சாலைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில போதைய நிப்பாட்டுறதுக்குன்னே தனியா பாக்குறாகளாம். என்னையக் கூட்டிட்டுப் போங்க. நீங்க ஒரு வார்த்த கூட வந்து சொன்னாப் போதும்."

"என்னான்னு சொல்றது?" அவன் குரலைத் தாழ்த்தினான். "எம் பொண்டாட்டிக்குக் கஞ்சா பழக்கம்னா? யாரு பழக்குனதுன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? மாலையும் கழுத்துமா அங்க வந்து நிக்கச் சொல்றியா? அம்மா காதுக்குப் போனா நாண்டுக்கிட்டுச் சாகும். இன்னும் கொஞ்ச நாளுதான். மலைக்குப் போயிட்டு வந்து பாப்போம். அதுவரைக்கும் அம்மா நெனைக்கிறபடியே நெனைச்சுக்கிரட்டும்."

"கை நடுங்குது சாமி. செத்துருவேனோன்னு பயமா இருக்கு."

"சரணம் சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சாமி கீழே இறங்கிப் போனான்.

அவள் சொல்லவும் செய்தாள். யாராவது அவளைப் போல ஐயப்பனைக் கூப்பிட்டிருப்பார்களா என்பது சந்தேகம். வாந்தி எடுத்த வாயைக் கொப்பளித்துவிட்டுக் கூப்பிட்டாள், கம்பெனிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். வேலைக்குப் போக முடியாமல் நின்றுபோனாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. மாசமாக இருக்கிறவள் இப்படியா இளைப்பாள் என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான் உறிஞ்சும் என்றாள் ஒச்சாயி.

கட்டு நிறைக்கும் நாள் வந்தது. இருமுடியில் நெய்த்தேங்காயும் அரிசியும் கட்டி, தலையில் ஏற்றி, சாமியை மலைக்கு அனுப்பும் நாள். விடிகாலையில் எழுந்தபோது பாண்டிமீனாவுக்கு அடிவயிற்றில் அந்தப் பழைய வலி பிசைந்தது. பாவாடையைப் பார்த்தாள். தூரமாகிவிட்டிருந்தாள்.

மாலை போட்ட வீட்டில் தூரமான பெண் இருக்கக்கூடாது. சாமி கண்ணில் படக்கூடாது, அவர் நிழலில் நடக்கக்கூடாது. மற்ற வருஷமாக இருந்தால் அந்த நாட்களில் மேலூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். இப்போது எப்படிப் போவது? முழுகாமல் இருக்கிறவள் எப்படித் தூரமாவாள்? சொன்னால் இல்லாத பிள்ளை செத்துப்போகும். சொல்லாவிட்டால் தீட்டோடு கட்டிய முடியைச் சுமந்துகொண்டு அவன் மலையேறுவான். காட்டுப் பாதையில் அவனுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? என்னதான் கோபம் இருந்தாலும் அவள் நம்புகிறவள். அந்த எண்ணமே அவளைக் கொன்றது. குளியலறையில் வாளியைப் பிடித்துக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கூடத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. குருசாமி நல்லகாமன் விளக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அம்மா வந்து அரிசி போட்டாள். பங்காளிகள் போட்டார்கள். "வீட்டம்மா வாங்க. மூணு கை அரிசி போட்டு, நல்லபடியாப் போயிட்டு வரணும்னு வேண்டிக்கங்க" என்றார்.

பாண்டிமீனா நிலைப்படியில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. செல்வக்குமார் இருமுடிப் பையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். வா என்று கண்ணால் கெஞ்சினான்.

"நான் தொடக்கூடாது குருசாமி. தூரமா இருக்கேன்."

ஒச்சாயி எழுந்து வந்தாள். அவள் முகத்தில் முதலில் கோபம்தான் இருந்தது. பிறகு அது உடைந்துபோய், "கலைஞ்சிருச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மாரில் அடித்துக்கொள்ளப் போன கையை விளக்கு எரிவதை நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

"கலையல அத்த. இருந்தாத்தான கலையிறதுக்கு. நான் கஞ்சா குடிச்சேன். தெனமும் குடிச்சேன். இவுக மாலை போட்டதும் அது கிடைக்கல, அதுலதான் இந்த வாந்தி, இந்த நடுக்கம் எல்லாம்."

அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லிவிட்டாள். இனி என்ன நடந்தாலும் நடக்கட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றாள். யாரும் அடிக்கவில்லை. ஒச்சாயி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தீட்டையும் பார்க்கவில்லை, பாவம். "புள்ள போன துக்கம், வாயில வர்றதப் பேசுது. ஏத்தா, ஏத்தா" என்று முதுகைத் தடவினாள். பங்காளி வீட்டுப் பெண்கள் வந்து அவளைத் தாங்கித் தெருமுனை வேப்பமரத்தடிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். நல்லகாமன் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் கட்டை முடிக்கச் சொன்னார்.

தேங்காய் உடைந்த சத்தம் கேட்டது. இருமுடியைத் தலையில் ஏந்திக்கொண்டு செல்வக்குமார் வாசலுக்கு வந்தான். முடி ஏந்தியவர் வீட்டைத் திரும்பிப் பார்க்கக்கூடாது, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பாண்டிமீனா மரத்தடியிலிருந்து கூப்பிட்டாள்.

"சாமி, நீங்களாச்சும் சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியும்ல."

அவன் கால் ஒரு விநாடி நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். பிறகு நடந்து போய் வேனில் ஏறிக்கொண்டான். அவள் அதற்காக அவனை வெறுக்கவில்லை. வழக்கம் அப்படி, அவன் என்ன செய்வான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கக்கூடாதே தவிர, போன் பேசக்கூடாது என்று எந்தக் குருசாமியும் சொல்லவில்லை.

பெண்கள் கஷாயம் வைக்கப் போன நேரத்தில் அவள் எழுந்து மெயின் ரோட்டுக்கு நடந்து டவுன் பஸ் ஏறினாள். வழியில் இரண்டு தடவை ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். நடத்துனர் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

குருவிக்காரன் சாலை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் வரிசை நீளமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நிமிராமலே, "வீட்டுக்காரர் எங்கம்மா? நடந்து வருவாரா, தூக்கிட்டு வரணுமா?" என்று கேட்டாள்.

"அவருக்கு இல்ல மேடம். எனக்குத்தான்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன ஒனக்கு?"

"கஞ்சா."

சீட்டு எழுதுகிறவள் பேனாவை மூடி வைத்தாள். கெட்டவள் ஒன்றும் இல்லை, இப்படி ஒருத்தி வந்து நின்று அவள் பார்த்ததில்லை. "கூட ஆள் யாரு? ஆள் இல்லாம சேக்க மாட்டாங்கம்மா. வீட்டுக்காரர் நம்பரைப் போடு, நான் பேசுறேன்" என்றாள்.

பாண்டிமீனா போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்திக் கண்ணாடி ஓட்டைக்குள் நீட்டினாள். வேனுக்குள் எல்லோரும் பாடுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே செல்வக்குமாரின் குரல், "சாமி சரணம்" என்றது.

"சார், ஆஸ்பத்திரிலருந்து பேசுறோம். ஒங்க வீட்டம்மா வந்திருக்காங்க. கஞ்சாப் பழக்கம்னு சொல்றாங்க. உண்மையா?"

பாட்டு ஒரு சரணம் முடிந்து அடுத்த சரணம் எடுக்கிற இடைவெளி. பாண்டிமீனா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். ஆமாம் என்ற ஒரு சொல். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்ல வேண்டாம், யார் பழக்கியது என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்றான் செல்வக்குமார். "முழுகாம இருந்துச்சு. காலையிலதான் கலைஞ்சு போச்சு. அதுல புத்தி ஒரு நெலையில இல்ல. அங்கனயே உக்கார வைங்க, எங்கம்மாவ வரச் சொல்றேன்."

பாண்டிமீனா போனை இழுத்துக்கொண்டாள். அவள் குரலில் நடுக்கம் போயிருந்தது.

"சாமி, மாலையக் கழட்டி வச்சுட்டாச்சும் பொய் சொல்லியிருக்கலாம்ல."

அணைத்துவிட்டாள். சீட்டு எழுதுகிறவள் மெதுவாக, "நீ மொதல்ல பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டும்மா" என்றாள்.

"எனக்குப் புள்ள இல்ல மேடம். எங்கயும் போக மாட்டேன்."

அங்கேயே, கண்ணாடிக்குக் கீழே, வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டாள். வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா, மீசை வைத்த தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் காலை மிதிக்காமல் சுற்றி முன்னால் வந்தாள்.

"என்ன, கஞ்சாவா?" என்றது மேலேயிருந்து குரல்.

"ஆமா மேடம்" என்றாள் அந்த அம்மா.

"பேரச் சொல்லு."

பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அம்மாவையும் மகனையும் மாடியில் வலது பக்கம் போகச் சொன்னார்கள்.